பருவமெய்தாக் கைதிகள்

அரபு மொழியில் அறிவுக்கு 'அக்ல்' என்று பெயர். ஒட்டகத்தின் முன்காலை மடக்கி முழங்காலோடு சேர்த்துக் கட்டும் கயிற்றுக்கு 'இகால்' என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. மனம் போன போக்கில் மனிதன் ஓடிவிடாமல் கட்டி நிறுத்துவதால் அறிவுக்கு அப்பெயர் வந்தது என்று அகராதி ஆசிரியர்கள் விளக்கம் தருவர். இன்றைய அரபு நாளேடுகளில் அன்றாடம் கண்ணிற்படும் 'இஃதிகால்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். பிடித்து அடைத்து வைத்தல் என்பது அதன் பொருள். அக்ல் முதிராத பிள்ளையின் மீது சட்டத்தின் சுமை இல்லை என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் தொடக்கத்திலேயே கற்பிக்கும் பாடம். அக்ல் முதிராத பிள்ளைகளை இஃதிகாலில் வைப்பதற்கென்றே சட்டத் தொகுதியும் நீதிமன்றமும் சிறைக்கூடமும் ஏற்பட்டுவிட்ட நிலம் ஒன்று உண்டு. அது ஃபலஸ்தீனத்தின் மேற்குக் கரை. அந்த ஏற்பாடு எவ்வாறு வளர்ந்தது என்பதை ஈண்டு எழுத முற்படுகிறோம்.

இந்த வரலாற்றை 1967-லிருந்து தொடங்குவோர் பலர். நாமோ இன்னும் சற்றுப் பின்னே செல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். ஏனெனில் இந்தக் கட்டடத்தின் அடித்தளக் கற்களை நட்டவர்கள் ஆங்கிலேயர்.

1936-ல் ஃபலஸ்தீன அரபு மக்கள் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அக்கிளர்ச்சியை ஒடுக்க 1937-ல் இராணுவ நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. அன்று அந்த நீதிமன்றங்களின் முன் நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் அரபு மக்களே. 1945-ல் ஆங்கிலேய ஆட்சி 'பாதுகாப்பு (அவசரநிலை) ஒழுங்குவிதிகள்' என்ற நீண்ட சட்டத் தொகுதியைப் பிறப்பித்தது. விசாரணையின்றி அடைத்து வைத்தல், வீடுகளை இடித்தல், ஊரடங்கு, குடிமக்களை இராணுவ நீதிபதிகளின் முன் நிறுத்துதல் ஆகிய யாவற்றுக்கும் அதில் இடமிருந்தது. இம்முறை அந்தச் சட்டம் யூத ஆயுதக் குழுக்களின் மீதும் பாய்ந்தது. பாய்ந்த மறு ஆண்டே, 1946-ல், யூத வழக்கறிஞர்கள் தெல் அவீவில் மாநாடு கூட்டி அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார்கள். நாகரிக நாடு எதிலும் இத்தகைய சட்டம் இல்லை என்று அங்கே முழங்கியவர்களுள் ஒருவர் யாகோவ் ஷிம்ஷோன் ஷபீரா. அவரே பின்னர் இஸ்ரேல் அரசின் முதல் தலைமை வழக்கறிஞராக அமர்ந்தார். 1966-ல் நீதி அமைச்சரும் ஆனார். அவர் கண்டித்த விதிகள் அவர் அமைச்சராக இருந்த காலத்திலும் இரத்தாகவில்லை.

அதே 1946-ஆம் ஆண்டின் டிசம்பரில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. 'இர்குன்' என்ற யூத ஆயுதக் குழுவைச் சேர்ந்த, பதினெட்டு வயது நிரம்பாத இளைஞன் ஒருவனுக்கு ஆங்கிலேய இராணுவ நீதிமன்றம் நீண்ட சிறைத் தண்டனையோடு 18 பிரம்படியும் விதித்தது. அடி நிறைவேற்றவும் பட்டது. சிறுவனைப் பிரம்பால் அடிப்பது ஓர் இனத்தையே இழிவு செய்வதாகும் என்று கொதித்தெழுந்த இர்குன், ஆங்கிலேய மேஜர் ஒருவரையும் சில சார்ஜன்ட்டுகளையும் பிடித்து அதே கணக்கில் அடித்து அனுப்பியது. இன்னோர் இளைஞனுக்கு விதிக்கப்பட்டிருந்த பிரம்படியை ஆங்கிலேயர் அதன் பிறகு கைவிட்டனர். அன்று இர்குனின் தலைவராக இருந்த மெனாஹிம் பெகின் 1977 முதல் 1983 வரை இஸ்ரேலின் பிரதமராக இருந்தார். அந்த ஆண்டுகளிலும் மேற்குக் கரையின் இராணுவ நீதிமன்றங்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை வளர்ந்தவர்களாகவே கருதி விசாரித்துக் கொண்டிருந்தன. அடிபட்ட கை அதிகாரம் ஏந்தும்போது தான் பட்ட அடியை மறந்துவிடுகிறது என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் அநேகம். இதைப் போல் ஒரே சட்டப் புத்தகத்தைக் கை மாற்றி எடுத்துக்கொண்ட சான்று அரிது.

1967 ஜூன் போரில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெரூசலமும் காஸாவும் இஸ்ரேலியப் படையின் வசமாயின. படைத் தளபதியின் பெயரால் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. சட்டம் இயற்றுவதும் அவரே, நீதிபதிகளை நியமிப்பதும் அவரே என்ற நிலை அன்று ஏற்பட்டது. அந்த முதல் நாட்களின் ஆணையில் ஒரு நல்ல பிரிவும் இருந்தது. இராணுவ நீதிமன்றங்கள் 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கைக்குக் கட்டுப்பட வேண்டும்; ஆணைக்கும் உடன்படிக்கைக்கும் முரண் நேர்ந்தால் உடன்படிக்கையே மேலோங்கும் என்று அது கூறியது. சட்டம் அறிந்த யாரோ ஒரு நல்லவர் எழுதி வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

நீக்கியதன் பயன் என்னவென்று கேட்கலாம். ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்து மக்களைக் கைது செய்தால் அந்த நிலத்திற்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பதும், சிறார்க்கு உரிய தனிக் கவனிப்பைத் தர வேண்டும் என்பதும் அவ்வுடன்படிக்கையின் 76-ஆம் பிரிவு. மேற்குக் கரைச் சிறுவர்களுள் பலர் எல்லைக்கு அப்பால் இஸ்ரேலுக்குள் உள்ள மெகித்தோ போன்ற சிறைகளில் அடைக்கப்பட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்க வேண்டுமாயின் தாய் தந்தையர்க்கு எல்லை தாண்டும் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைத் தருவதும் தராததும் அதே இராணுவத்தின் கையில். சீட்டு வருவதற்குள் பிள்ளையின் தண்டனைக் காலமே முடிந்துவிடுவதும் உண்டு.

1970-ல் 378-ஆம் ஆணையும், 2009-ல் பழைய ஆணைகளைத் தொகுத்து 1651-ஆம் ஆணையும் வந்தன. இவற்றின்படி பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளையை வழக்கில் நிறுத்தலாம், சிறையிலும் அடைக்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்கு ஆறு மாதம் வரை என்று ஓர் உச்சவரம்பு உண்டு. பதினான்கு, பதினைந்து வயதினருக்கு ஓராண்டு என்று வரம்பு சொல்லப்படுகிறது. ஆனால் ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமாயின் அந்த வரம்பு இல்லை. இனி, கல்லெறிதலுக்கு என்ன தண்டனை என்று பார்த்தால், ஆளின் மீது எறிந்தால் பத்தாண்டு வரை. ஓடும் வாகனத்தின் மீது எறிந்தால் இருபதாண்டு வரை. ஆகவே வரம்பு என்று முதற்பக்கத்தில் எழுதியதை அடுத்த பக்கத்திலேயே அழித்து வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் விதிக்கப்பட்ட தண்டனைகள் பெரும்பாலும் சில மாதங்களே என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருபதாண்டு என்ற எண் விதிப்பதற்கன்று, பயமுறுத்துவதற்கு. பயன்படாத வாளுக்கும் வேலை உண்டு.

இந்த ஆணைகளுக்குப் பக்கத்தில் இஸ்ரேல் தன் பிள்ளைகளுக்கு 1971-ல் இயற்றிய இளையோர் சட்டத்தை வைத்துப் படிப்பது பயன் தரும். அதன்படி பதினெட்டு வயது வரை ஒருவன் சிறார். பதினான்கு நிரம்பாதவனுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. இந்தக் காப்பில் 2016-ல்தான், கொலை முதலிய கொடுங்குற்றங்களை முன்னிட்டு, ஓர் ஓட்டை இடப்பட்டது. ஹெப்ரான் பக்கத்து மலை ஒன்றில் அரபுச் சிற்றூர் ஒன்றும் யூதக் குடியேற்றம் ஒன்றும் எதிரெதிரே இருக்கின்றன என்று கொள்வோம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வயதினர். இருவரும் ஒருவர் மீது ஒருவர் கல்லெறிகின்றனர். யூதச் சிறுவன் இளையோர் சட்டத்தின்படி குடிமை நீதிமன்றத்துக்குச் செல்வான்; அரபுச் சிறுவன் இராணுவ நீதிமன்றத்துக்குச் செல்வான். பதின்மூன்று வயதாயின் முன்னவனைப் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் நீதிபதியின் முன் கொண்டுவர வேண்டும். பின்னவனுக்கு, 2013-ல் திருத்தி எளிதாக்கிய பிறகும், 24 மணி நேரம். பதினாறு வயதானால் முன்னவனுக்கு 24 மணி நேரம். பின்னவனுக்கு 96 மணி நேரம். 2011 வரை, பதினாறு வயது ஆகிவிட்டால் அரபுப் பிள்ளை சிறார் என்ற கணக்கிலேயே வரவில்லை. ஒரே மண்ணில், ஒரே குற்றத்தில், பிறப்பைக் கொண்டு வயதை அளக்கும் இந்தக் கோல் வேறெங்கும் நாம் கண்டதில்லை.

கைது நடைபெறும் முறையைப் பற்றி அங்கிருந்து வரும் வாக்குமூலங்கள் யாவும் ஒன்றை ஒன்று நகல் எடுத்தாற்போல் இருக்கின்றன. நள்ளிரவுக்கும் சுபுஹு பாங்குக்கும் இடைப்பட்ட நேரம். கதவு தட்டப்படும், சில வேளை உடைக்கப்படும். துப்பாக்கி ஏந்திய படையினர் உள்ளே வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்பர். உரிய பெயர்க்காரனின் கைகள் பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டப்படும், கண் கட்டப்படும். எங்கே கொண்டு போகிறோம் என்று தாயிடம் சொல்லாமலே இராணுவ வண்டியில் ஏற்றுவர். பல வேளைகளில் இருக்கையில் அன்று, வண்டியின் தரையில். விசாரணை நடக்கும் இடத்தில் பெற்றோர் உடனிருப்பதில்லை. வழக்கறிஞரின் முகத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் விசாரணை முடிந்த பிறகே பார்த்திருக்கிறார்கள். உறக்கமின்றி, கழிப்பறைக்கும் விடாமல், உன் நண்பன் எல்லாம் சொல்லிவிட்டான் என்று மிரட்டி, எபிரேய மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வாங்கியதாகச் சொல்லும் பிள்ளைகள் மிகப் பலர். எபிரேயம் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெஃப் 2013-ல் இவற்றை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்தைய பத்தாண்டுகளில் பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ள ஏறத்தாழ 7,000 பிள்ளைகள் இவ்வாறு பிடிக்கப்பட்டு விசாரிக்கப்பட்டனர் என்று அது மதிப்பிட்டது. சராசரி நாளொன்றுக்கு இருவர். தீய நடத்துதல் என்பது எங்கோ ஒரு சிப்பாயின் அத்துமீறல் அன்று, பிடிக்கும் கணத்திலிருந்து தண்டனை வரை பரவி அமைப்பாகவே வேரூன்றிவிட்ட வழக்கம் என்பது அதன் முடிவு. சிறுவர்களுக்கென்று இராணுவ நீதிமன்றம் வைத்து முறையாக விசாரிக்கும் நாடு வேறொன்று இருப்பதாகத் தான் அறியவில்லை என்றும் அது குறித்தது. அந்தச் சிறார் இராணுவ நீதிமன்றம் 2009-ல், ஒரு சீர்திருத்தமாகவே, ஏற்படுத்தப்பட்டது என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அறிக்கை வந்த பின் 2014-ல், இரவில் சென்று பிடிப்பதற்குப் பதிலாகப் பெற்றோருக்கு அழைப்பாணை அனுப்பும் சோதனைத் திட்டம் ஒன்று சில பகுதிகளில் தொடங்கப்பட்டது. இரவுக் கைது நின்றபாடில்லை.

ரமல்லாவுக்கு அருகே ஒஃபெர் என்ற இராணுவ முகாமிலும், ஜெனீனுக்கு அருகே ஸாலிம் என்னுமிடத்திலும் இந்த நீதிமன்றங்கள் இயங்கி வந்திருக்கின்றன. நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் இராணுவ உடுப்பில் இருப்பார்கள். பிள்ளை பழுப்பு உடையில், கால்களில் சங்கிலியுடன் வருவான். இங்கே வழக்கு என்பது வாதாடி வெல்லும் பொருள் அன்று. பிணை மறுக்கப்படுவதே வழக்கமாதலால், குற்றத்தை மறுத்து விசாரணை கோரும் பிள்ளை, தீர்ப்பு வரும் வரை சிறையிலேயே இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் மூன்று மாதத்தில் வீடு; மறுத்தால் விசாரணை முடியவே ஆறு மாதம். எந்த வாப்பா தன் பிள்ளையிடம் மறுத்து நில் என்று சொல்வார்? ஒப்புக்கொண்டதற்குப் பிறகு பணத் தண்டம் வேறு. அதைக் கட்டுவது குடும்பம். 2010-ஆம் ஆண்டில் மேற்குக் கரை இராணுவ நீதிமன்றங்களில் முடிவுற்ற வழக்குகளில் 99.74 விழுக்காடு தண்டனையில் முடிந்தன என்பதை அந்த நீதிமன்றங்களின் சொந்த ஆண்டறிக்கையே காட்டிற்று.

கல்லெறிவது விளையாட்டன்று என்று இஸ்ரேலியர் சொல்வர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கல் பட்டு வாகனம் கவிழ்ந்து இஸ்ரேலியர் உயிரிழந்ததுண்டு. 2011-ல் அவ்வாறு இறந்தவர்களுள் ஒரு கைக்குழந்தையும் உண்டு. கைக்குழந்தையின் சாவை எந்தக் காரணத்தாலும் சிறிதாக்க நம் மார்க்கம் நம்மை அனுமதிக்கவில்லை. நாம் கேட்பது அந்தக் குற்றத்துக்கு விசாரணையே கூடாது என்பதன்று. தன் பிள்ளைக்கு எந்தச் சட்டமோ அதே சட்டம் பிறன் பிள்ளைக்கும் ஏன் இல்லை என்பதுதான்.

இவ்விடத்தில் ஃபிக்ஹு நூல்களின் பக்கம் சற்றுத் திரும்புவோம். சிறுவன் பருவமெய்தும் வரை அவன் செயல் குற்றமாக எழுதப்படுவதில்லை என்ற கருத்துடைய நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, பாலிக் ஆகாதவன் மீது ஹத்து தண்டனை இல்லை என்பதில் இமாம்கள் ஒன்றுபட்டனர். உடலில் அடையாளம் தோன்றாவிடின் எந்த வயதை எல்லையாக்குவது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது பதினைந்து சந்திர ஆண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஆணுக்குப் பதினெட்டு, பெண்ணுக்குப் பதினேழு என்றார்கள். அவர்களுடைய மாணவர்கள் இருவரும் பதினைந்தின் பக்கம் சாய்ந்தார்கள். பதினைந்துக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. உஹதுப் போருக்கு வந்து நின்ற இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அப்போது வயது பதினான்கு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அகழ்ப் போரின்போது பதினைந்து நிரம்பியிருந்தது, அனுமதித்தார்கள். ஆக, வயதெல்லை என்ற சட்டமே போர்க்களத்தின் வாயிலில், ஒரு சிறுவனை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து பிறந்திருக்கிறது.

பதினாறு, பதினேழு வயதினரை ஷாஃபிஈ மத்ஹபின்படி சிறுவர் என்று நாம் வாதாட இயலாது. அவர்களுக்காக நாம் எடுத்து வைப்பது இஸ்ரேலின் சொந்தச் சட்டத்தையும், 1989-ல் உலக நாடுகள் ஏற்படுத்தி 1991-ல் இஸ்ரேலும் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையையும் ஆகும். பதினெட்டு வயது வரை குழந்தை. அடைத்து வைத்தல் வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் இயன்ற அளவு குறுகிய காலம் என்பது அதன் விதி. பன்னிரண்டு முதல் பதினான்கு வரையுள்ளவர்களுக்கோ எந்த நூலைத் திறந்தாலும் நியாயம் அவர்கள் பக்கமே.

நீதி பேசும்போது நம்மவர் செய்ததை மறைப்பது நேர்மையாகாது. 2011-ன் தொடக்கத்தில் சிரியாவின் தெற்கே தர்ஆ நகரில், ஆட்சிக்கு எதிராகப் பள்ளிச் சுவரில் எழுதினார்கள் என்று சிறுவர் சிலரைப் பாதுகாப்புப் படை பிடித்துச் சென்று வதைத்தது. பிள்ளைகளைக் கேட்டுப் போன பெரியவர்கள் இழித்துப் பேசி அனுப்பப்பட்டனர். அந்தத் தீப்பொறியில் பற்றிய நாடு பதின்மூன்று ஆண்டு எரிந்தது. 2024 டிசம்பரில் அந்த ஆட்சியே வீழ்ந்தது. பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே பாங்கொலியைக் கேட்பவர்கள். அரபு நாட்டுச் சிறைகளைப் பற்றி வாய் மூடியிருந்துவிட்டு ஒஃபெரைப் பற்றி மட்டும் எழுதுபவர்களை நாம் நம்புவதற்கில்லை.

பத்ருப் போரில் பிடிபட்ட குறைஷிக் கைதிகளுள் ஈட்டுப்பணம் தர இயலாத, எழுத்தறிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று வாய்ப்பளிக்கப்பட்டதை நம் மக்தபுகளில் சொல்லாத உஸ்தாதுகள் இல்லை. மேற்குக் கரைச் சிறுவன் கைதாகும்போது முதலில் அறுபடுவது படிப்பே. 'தவ்ஜீஹி' எனும் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் வயதில்தான் பெரும்பாலோர் பிடிபடுகின்றனர். திரும்பி வந்தவனுக்கு வகுப்பில் இடம் இருக்கும், மனம் இராது. விசாரணையில் யார் பெயரைச் சொன்னான் என்ற ஐயம் ஊரில் அவனைத் தொடரும். உண்மையிலேயே சொல்லியிருந்தால் அவன் துயரம் இருமடங்கு. முடிந்த மட்டும் சிறைக்குள்ளேயே பாடம் நடந்த காலமும் உண்டு. அஹத் தமீமி என்ற பதினாறு வயதுப் பெண், தன் ஊராகிய நபி ஸாலிஹில் சிப்பாய் ஒருவரை அறைந்ததற்காக 2017 டிசம்பரில் கைதாகி, 2018 மார்ச்சில் எட்டு மாதத் தண்டனை பெற்றாள். அவள் இருந்த ஹஷரோன் சிறையில் காலிதா ஜர்ரார் என்ற ஃபலஸ்தீனச் சட்டமன்ற உறுப்பினர், குற்றச்சாட்டோ விசாரணையோ இல்லாத நிர்வாகக் காவலில் இருந்தார். அவர் இளம் கைதிப் பெண்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார். அனைத்துலகப் போர்ச் சட்டமும் அப்பாடத்தில் அடக்கம். பத்ரில் கைதி பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்து வெளியேறினார். இங்கே கைதி கைதிக்குக் கற்பித்தார், வெளியேறும் நாள் அவருக்குத் தெரியாது.

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும் அதனைத் தொடர்ந்து காஸாவில் மூண்ட போருக்கும் பிறகு இந்த ஏற்பாட்டில் எஞ்சியிருந்த இரக்கமும் வற்றிப்போயிற்று. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் நடந்த கைதிப் பரிமாற்றத்தில் இஸ்ரேல் விடுவித்த 240 பேரில் பெரும்பாலோர் பெண்களும் பதின்பருவச் சிறுவர்களுமே. அவர்களுள் பலர் எத்தீர்ப்பும் பெறாதவர்கள். சிறையில் இத்தனை சிறுவர் இருந்தார்களா என்று உலகம் வியந்தது அப்போதுதான். பெற்றோரின் சந்திப்புகள் நிறுத்தப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கத்தார்க்குச் சிறைக்கதவு அடைக்கப்பட்டது. உணவு வேண்டுமென்றே குறைக்கப்பட்டது. அதைக் குறைத்ததைச் சிறைத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் இதமார் பென் க்விர் மறைக்கவும் இல்லை. குற்றச்சாட்டின்றி நிர்வாகக் காவலில் வைக்கப்பட்ட சிறுவர்களின் எண்ணிக்கை 2025-ல் நூறைத் தாண்டியது.

2025 மார்ச் மாதம் மெகித்தோ சிறையில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். முந்தைய ஆண்டின் செப்டம்பர் இறுதியில் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவன். அவன் மீதான வழக்கு முடிவு காணவில்லை. உடற்கூற்று ஆய்வின்போது உடனிருந்த மருத்துவர், நெடுநாள் பட்டினியின் அடையாளங்களை அவ்வுடலில் கண்டதாக எழுதினார். உடலும் உடனே பெற்றோரிடம் ஒப்படைக்கப்படவில்லை. ஜனாஸாத் தொழுகைக்குக் காத்திருந்தது ஊர். கைதிகளுக்கு உயிர் வாழப் போதிய உணவை அரசு தரவில்லை, தர வேண்டும் என்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அது 2025 செப்டம்பர் மாதம். அச்சிறுவன் இறந்து அப்போது ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது.